பாலம் நீக்கப்பட்ட படம்

நாடகக் கம்பெனிகளுக்கு மேடைப் படுதா எழுதிப் பிழைத்துவந்த தென்காசி பால்வண்ணநாத பிள்ளையைப் படம் பிடிப்பவராக மாற்றியது பேசும்படம். பேசும்படத்திடம் கூட்டத்தை இழந்து, 1934-ஆம் ஆண்டு அவர் வேலை பார்த்த கம்பெனி கொல்லத்தில் கடைசி ஆட்டத்தை முடித்துக்கொண்டது. ராஜபார்ட் மலைத்தோட்டத்துக் கங்காணியானார். பின்பாட்டுக்காரர் பஜனை மடத்தில் சேர்ந்தார். பிள்ளையின் பங்குக்கு வந்தது ஓர் அரண்மனைப் படுதா. அதில் ஐந்து வளைவுகள், நடு வளைவின் கீழ் ஒரு சிம்மாசனம்.

"ராஜா இல்லாத அரண்மனைய வச்சு என்ன செய்யப் போறீரு வே?" என்று கேட்டார் கிதிர் முகம்மது. தேர் வீதி முனையில் படங்களுக்குக் கண்ணாடியும் பிரேமும் போடும் கடை அவருடையது. பிள்ளையோடு ஒரே பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவர்.

பிள்ளை செங்கோட்டைப் பக்கத்துத் தோட்டத் துரை ஒருவர் ஊர் திரும்பும்போது விட்டுச் சென்ற பழைய காமிராவை வாங்கினார். பிறகு படுதாவைத் தரையில் விரித்துச் சிம்மாசனத்தை அழித்தார். வளைவுகளின் தூண்களைக் கீழே நீட்டிப் பள்ளத்தில் இறக்கினார். உச்சியில் புகை கக்கும் ரயில் ஒன்றை ஓடவிட்டார். பின்னால் மலை எழுந்தது. அரண்மனை பாலமாயிற்று.

சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வரும் கிழக்கத்தி ஊர்க்காரர்கள் அந்தப் படுதாவுக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். அருவியில் குளித்த ஈரத் தலையோடு, மலை ரயிலுக்கு முன்னால் நின்றதாக ஒரு படம் வேண்டுமென்று கேட்டார்கள். மற்ற மாதங்களில் படம் பிடிக்கும் கூடாரம் மடங்கித் தென்காசிக் கடைக்கு வந்துவிடும்.

மூன்றாவது சீசனில் ஒரு கலவரம் நடந்தது. வெளியூர்க்காரன் ஒருவன் சிறிய கைக்காமிராவைத் துண்டில் மறைத்துக்கொண்டு, பெண்கள் குளிக்கும் பக்கத்தில் படம் எடுத்துவிட்டான். பெண்களோடு வந்தவர்கள் அவனைத் தடாகம் வரை துரத்திக் காமிராவோடு உள்ளே தள்ளினார்கள். மறுநாளே அருவிக்கரையில் எவரும் படம் பிடிக்கக் கூடாது என்று பலகை எழும்பியது. படக்காரர்கள் எல்லோரும் கூடி முணுமுணுத்தார்கள். பிள்ளை மட்டும் தம் கூடாரத்தைத் தாமே பிடுங்கிச் சந்தைப் பக்கம் மாற்றிக்கொண்டார்.

"அருவியப் பாக்குததுக்குத் தடை கெடையாது, படம் பிடிக்கத்தான் தடையா? இது என்னய்யா நியாயம்?" என்றார் கிதிர் முகம்மது.

"பாத்தவன் மறந்துருவான் வே. படப்பெட்டி மறக்காதுல்லா."

சொல்லிவிட்டாரே தவிர, அந்தக் கேள்வி அவரை விடவில்லை. ஒருவருடைய உருவம் யாருக்குச் சொந்தம்? நின்றவருக்கா, பிடித்தவருக்கா, தடுக்க அதிகாரம் உள்ளவருக்கா? விடை தெரியாத நிலையில் ஒரு வழக்கத்தை மட்டும் ஏற்படுத்திக்கொண்டார். காமிராவின் மூடியைக் கழற்றுமுன், எதிரே நிற்பவர் யாராயினும், "பிடிக்கட்டுமா?" என்று கேட்பார். பதில் வந்த பிறகே மூடி கழலும். அவர் குரங்குகளிடமும் உத்தரவு கேட்பதாகக் கிதிர் முகம்மது கடைத்தெருவில் பரப்பினார்.

யுத்தம் வந்தது. பட்டாளத்துக்குப் பெயர் கொடுத்த இளைஞர்கள் புறப்படுமுன் பிள்ளையின் படுதாவைத் தேடி வந்தார்கள். 1941-இன் தொடக்கத்தில் வந்தவர்களில் ஒருவன் குத்துக்கல்வலசை நல்லக்கண்ணு. தகப்பன் இல்லாத ஒற்றைப் பிள்ளை. புதுச் சட்டையின் மடிப்புக் கலையாமல் நடு வளைவுக்கு நேராக நின்றான்.

"பிடிக்கட்டுமா?"

"பிடிங்க அண்ணாச்சி. ரயிலு முழுசா விழணும். அதுலதான வருவேன்னு அம்மைட்டச் சொல்லியிருக்கேன்."

அந்தப் படம் அவன் தாய் மாடத்தியின் அரிசிப் பானைக்குள் போய்ச் சேர்ந்தது. அவன் மலாய்க்குப் போனான். மறு ஆண்டு மாசியில் சிங்கப்பூர் விழுந்த செய்தி வந்தது. நல்லக்கண்ணுவைப் பற்றி ஒரு செய்தியும் வரவில்லை. மாடத்தி நான்கு மாதம் பொறுத்தாள். பிறகு, காணாமற்போனவர்களைக் கண்டுபிடித்துத் தருவது போலீசின் வேலைதானே என்று எண்ணி, அடையாளத்துக்காக அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனாள்.

சப்-இன்ஸ்பெக்டர் நம்பிராஜன் கெட்டவர் அல்லர். படத்தில் இருந்த பையனை அவர் பரிவோடுதான் பார்த்தார். பையனுக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்ததும் முகம் மாறிற்று. அவருடைய தலைக்கு மேலேயே அறிவிப்பு ஒட்டியிருந்தது: யுத்தம் முடியும் வரை பாலம் முதலிய கேந்திரங்களைப் படம் பிடிப்பதும், வரைவதும், மாதிரி செய்வதும் குற்றம். படத்தின் பின்புறம் பிள்ளையின் கடை முத்திரை இருந்தது.

மாடத்தி வெறுங்கையோடு வெளியே வந்து, நேரே பிள்ளையின் தென்காசிக் கடைக்குப் போனாள். சாரல் அப்போதுதான் தொடங்கியிருந்ததால் கூடாரம் இன்னும் குற்றாலத்துக்குப் போகவில்லை.

"மவனக் கேட்டுப் போனேன், இருந்த படத்தையும் பிடுங்கிக்கிட்டாங்க அய்யா. அவன் மூஞ்சி எனக்கு வேணும். கண்ணாடியில எழுதி வச்சிருப்பீகளாமே, அதுலருந்து இன்னொண்ணு போட்டுத் தாங்க."

"வச்சிருக்கேன் தாயி. போட்டுத் தாரேன்."

கறுப்பும் வெள்ளையும் தலைகீழாகப் பதிந்த கண்ணாடித் தகட்டை அவர் தேடி எடுப்பதற்குள் நம்பிராஜன் வந்துவிட்டார். தகடு வேண்டும் என்றார். சாட்சியப் பொருள், வழக்கு முடிந்ததும் உடைக்கப்படும் என்றார். மாடத்தி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அய்யா, இது பாலமே இல்ல. நான் எழுதுன படுதா. இந்தா பாருங்க" என்று பிள்ளை படுதாவின் கயிற்றை அவிழ்த்துவிட்டார். ஐந்து வளைவும் மலையும் ரயிலும் தட்டென்று விரிந்தன. தம் கைவேலை தம்மைக் காப்பாற்றும் என்ற பெருமையில் அவர் முகம்கூட மலர்ந்திருந்தது.

நம்பிராஜன் படுதாவைத் தொட்டுப் பார்த்தார். தலையை இருபுறமும் ஆட்டினார்.

"அண்ணாச்சி, பிடிச்சதுதான் குத்தம்னு நெனச்சேன். எழுதுனதும் நாந்தான்னு நீரே சொல்லுதீரு. ஒண்ணுக்கு ரெண்டா ஒத்துக்கிட்டீரே! வரைஞ்சாலும் குத்தம்னுல்லா போட்டிருக்கு."

சீசன் ஆனபடியால் டிப்டி கலெக்டர் குற்றாலத்துப் பங்களாவில் முகாமிட்டிருந்தார். படுதாவும் தகடும் பிள்ளையும் ஒரே மாட்டு வண்டியில் அங்கே போனார்கள். கிதிர் முகம்மது துணைக்கு ஏறிக்கொண்டார். மாடத்தி வண்டிக்குப் பின்னால் நடந்தே வந்தாள். ஏறச் சொல்லியும் ஏறவில்லை.

சாரல் விழுந்துகொண்டிருந்த வராந்தாவில் படுதா தொங்கவிடப்பட்டது. டிப்டி கலெக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"எந்தப் பாலம் இது? ஆரியங்காவுக்கு அப்பால் இருக்கிறதா?"

"தெரியாதுங்க அய்யா."

"தெரியாமல் எப்படி எழுதினீர்?"

"கம்பெனியோட கொல்லத்துக்குப் பல தடவ போயிருக்கேன். ஆனா பாலத்து மேல போறவனுக்குப் பாலம் தெரியுமா அய்யா? பள்ளந்தான் தெரிஞ்சுது. கீழ எப்படி இருக்கும்னு நானா யூகிச்சேன். இது பழைய அரண்மனைப் படுதா. அந்த நடுத்தூணுகிட்ட இப்பமும் சிம்மாசனத்துக் கால் ஒண்ணு தெரியும் பாருங்க."

டிப்டி கலெக்டர் எழுந்து போய்க் குனிந்து பார்த்தார். மலைப் பள்ளத்தின் நடுவே, பச்சை வர்ணத்தின் அடியில், சிங்கத்தின் பாதம் ஒன்று மங்கலாகத் தெரிந்தது. அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஆனாலும், பாலம் போலத் தோன்றுவதைப் பாலம் அன்று என்று எழுதிக் கையெழுத்திட அவரால் இயலவில்லை. மேலிடம் கேட்டால் சிங்கப் பாதத்தையா அனுப்பிவைப்பது?

"பாலம் போய்விட்டால் போதும். தகட்டை உடைக்க வேண்டாம். பையனை விட்டுவிட்டுப் பாலத்தை மட்டும் நீக்க முடியுமா?"

"முடியும் அய்யா" என்று முந்திக்கொண்டவர் நம்பிராஜன். "இவுகள்ட்ட படத்தத் திருத்துத டச்சிங் கத்தி இருக்கும். தகட்டுல சொரண்டிட்டா நிரந்தரமாப் போயிரும்."

பிள்ளை தகட்டைக் கையில் வாங்கினார். வாங்கியவர் அசையவில்லை.

"சொரண்ட மாட்டேன் அய்யா."

கிதிர் முகம்மது அவர் முழங்கையை இடித்தார். "உடைக்க வேண்டாங்காரு. கிடைச்சத வாங்கிட்டு வாரும் வே."

"சொரண்டுன எடம் படத்துல கறுப்பா விழும்" என்றார் பிள்ளை. "பையன் தலைக்கு நேர் பின்னாலதான் நடு வளைவு. அதச் சொரண்டினா தலையச் சுத்திக் கறுப்பு நிக்கும். எங்க கடையில அது செத்தவுகளுக்குச் செய்யுதது. பழைய படத்தக் கொண்டாந்து, தாத்தா தவறிட்டாருன்னு சொன்னா, பின்னால உள்ளதச் சொரண்டிக் கறுப்பாக்கிக் குடுப்போம். இந்த வட்டாரத்துல தலைக்குப் பின்னால கறுப்பு இருந்தா, பாக்குதவன் கும்பிட்டுட்டுத்தான் போவான்."

படிக்கட்டின் கீழே சாரலில் நனைந்தபடி நின்ற மாடத்தியை அப்போதுதான் டிப்டி கலெக்டர் கவனித்தார். அவள் பிள்ளையின் கையிலிருந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேறு வழி?"

"செஞ்சாயம் பூசலாம். பூசுன எடம் வெள்ளையா விழும். மேகம் எறங்குன மாதிரி இருக்கும்."

"அழியுமா?" நம்பிராஜன் கேட்டார்.

பிள்ளை அழியாது என்று சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. எதிரே நிற்பவரிடம் உத்தரவு கேட்டே பழகிய வாய்க்குக் கேட்டவரிடம் பொய் சொல்ல வரவில்லை.

"ஈரப் பஞ்சால தொடச்சா போயிரும்."

"பாத்தீகளா அய்யா!" என்றார் நம்பிராஜன்.

டிப்டி கலெக்டர் மேசையை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு எழுத்தரை அழைத்துச் சொல்லத் தொடங்கினார். தகட்டில் உள்ள பாலம் போலீசார் முன்னிலையில் சாயத்தால் மறைக்கப்பட வேண்டும். அந்தத் தாய்க்கு ஒரே ஒரு பிரதி எடுத்துத் தரலாம். அதன்பின் தகடு முத்திரையிட்ட பெட்டியில் யுத்தம் முடியும்வரை காவல் நிலையத்தில் இருக்க வேண்டும். படுதாவிலும் பாலம் மறைக்கப்பட வேண்டும்.

"ரயில் அய்யா?" என்றார் நம்பிராஜன்.

"ரயிலுக்கு என்ன?"

"பாலத்து மேல நிக்கே."

"ரயில் எல்லோரும் டிக்கெட் வாங்கி ஏறுவது. அதை மறைத்து யாருக்கு லாபம்? இருக்கட்டும்."

அவ்வாறே, மேகத்தின் மேல் ஓடும் ரயிலுக்கு முன்னால் நல்லக்கண்ணு நிற்கும் படம் உருவாயிற்று. கிதிர் முகம்மது கண்ணாடியும் பிரேமும் போட்டுத் தருவதாகச் சொன்னார். மாடத்தி இரண்டு கையாலும் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"பிரேமு வேண்டாம் அய்யா. சுவத்துல மாட்டினா மாலை கேக்கும்."

படுதாவில் பாலத்தின்மேல் பிள்ளை மேகம் எழுதினார். ஆகாயத்தில் போகும் ரயிலைப் பார்க்கவே அடுத்த சீசனில் கூட்டம் அதிகமாயிற்று. வாசுதேவநல்லூரிலிருந்து கல்யாணக் கோஷ்டி ஒன்று வண்டி கட்டிக்கொண்டு வந்தது. தடையினால் தொழில் பெருகியதை எண்ணிப் பிள்ளை வியந்தாரே தவிர, முத்திரைப் பெட்டியை மறக்கவில்லை. காவல் நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பார். "உம்ம பையன் பத்திரமா இருக்கான், போயிட்டு வாரும்" என்பார் நம்பிராஜன்.

1946-இல் பெட்டி திரும்பி வந்தது. அதற்குச் சற்று முன்னதாகவே நல்லக்கண்ணுவும் திரும்பி வந்திருந்தான். பழைய சட்டை அவன் மேல் கொடியில் கிடப்பதுபோல் கிடந்தது. பிள்ளை ஆள் அனுப்பி அவனை வரவழைத்தார். கிண்ணத்தில் தண்ணீரும் பஞ்சும் ஆயத்தமாக இருந்தன. தகட்டை வெளிச்சத்தில் பிடித்து, செஞ்சாயத்தின் அடியில் வளைவுகளின் வரம்பு தெரிவதைக் காட்டினார்.

"இனிமே தடை கெடையாது. நீ கேட்ட மாதிரி முழுசாப் போட்டுத் தாரேன். கழுவட்டுமா?"

நல்லக்கண்ணு தகட்டைக் கையில் வாங்கவில்லை. குனிந்து மட்டும் பார்த்தான்.

"வேண்டாம் அண்ணாச்சி."

"ஏம்ப்பா?"

"அங்கன எங்களச் சிறை பிடிச்சவனுவ காட்டுக்குள்ள ரயில் பாலம் போட வச்சானுவ. மரம் சுமந்தோம். எங்கூடச் சுமந்தவுகள்ல பாதிப்பேரு பாலத்துக்கடியிலயே கெடக்காங்க." அவன் விரல் தகட்டைத் தொடாமல் ரயிலின் மேல் நின்றது. "இது இப்படியே போகட்டும். கீழ ஒண்ணுமில்லாம."

பிள்ளை பஞ்சைப் பிழியாமலே கிண்ணத்தில் போட்டார். நல்லக்கண்ணு நிமிர்ந்தான்.

"இன்னொரு பிரதி மட்டும் போட்டுத் தாங்க. அம்மை வச்சிருக்கதுல என் மூஞ்சியே இல்ல. தெனமும் தடவித் தடவித் தேஞ்சு போச்சு. ரயிலு மட்டுந்தான் நல்லா இருக்கு."

"இதுக்காவது பிரேமு போடலாமாடா?" என்று கேட்டார், பேச்சுக் கேட்டுப் பக்கத்துக் கடையிலிருந்து வந்திருந்த கிதிர் முகம்மது.

"போடுங்க பாய். நாந்தான் வந்துட்டேன்லா, இனிமே அம்மை ஒண்ணும் சொல்ல மாட்டா."

கிதிர் முகம்மது அளவுகோலை எடுத்துவரத் தம் கடைக்குப் போனார்.