பீச்சாங்கை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றுக்கு மனிதர்களைப் புள்ளி புள்ளியாக வரைந்துகொண்டிருந்தேன். வாள் பிடித்த வீரன், மந்திரவாதி, கோட்டைக் காவல்காரன், ஊர் ஜனம். ஆளுக்கு அகலத்தில் முப்பத்திரண்டு புள்ளி, உயரத்தில் நாற்பத்தெட்டு. கண் என்பது ஒரே ஒரு புள்ளி. அதை ஒரு கட்டம் மேலே ஏற்றினால் ஆள் திடுக்கிடுவான், கீழே இறக்கினால் தூங்கிவிடுவான். எனக்கும் தூக்கம்தான் வரும். கண்ணெரிச்சலோடு நான் படியிறங்கும்போதெல்லாம் கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். வரப்போகிற வாடிக்கையாளரை யாருக்குத்தான் பிடிக்காது?

இந்தப் படங்களுக்கு ஸ்பிரைட் என்று பெயர். என் மனைவி அதை அப்படியே கிள்ளானில் இருந்த தன் அப்பாவிடம் சொல்ல, மாப்பிள்ளை சோடா கம்பெனியில் சேர்ந்துவிட்டார் என்று அவர் நினைத்துக்கொண்டார். அப்படியே நினைத்துக்கொண்டிருந்தால் அவருக்கு மனசு ஆறியிருக்கும். அரசாங்க அலுவலகத்தில் சாக்கடைகளுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவன், பென்ஷன் உள்ள வேலையை, கல்யாணமான நாலாம் மாதம் விட்டுவிட்டு விளையாட்டுக்குப் பொம்மை வரைகிறான் என்று தெரிந்ததும் என்னிடம் வேலையைப் பற்றிக் கேட்பதையே நிறுத்திவிட்டார். சாப்பிட்டாச்சா, பஸ் கிடைச்சதா, அவ்வளவுதான்.

அந்த அவமானம் முழுக்க என் மனைவி தலையில் விழுந்தது. விளையாட்டை முடித்தால் கடைசியில் ஒரு பக்கம் வரும், செய்த நாலு பேருடைய பெயரும் அதில் இருக்கும் என்று ஒருநாள் அவளிடம் சொல்லிவைத்தேன். அதை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கிள்ளானில், "இவரு பேரு ஸ்கிரீன்ல வரும்பா, அப்ப பாருங்க" என்பாள். மாமனார் பேப்பரைப் புரட்டுவார்.

இந்த நேரத்தில்தான் விளையாட்டை வாங்கப்போகிற வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஃபேக்ஸ் வந்தது. எல்லாம் சரி, ஆட்கள்தான் விறைப்பாக நிற்கிறார்கள், மேம்படுத்துங்கள் என்று எழுதியிருந்தார்கள். எப்படி என்று எழுதவில்லை. நானே தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்தேன். வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து விழ வேண்டும். ஆளைச் சுற்றிப் போட்ட கறுப்பு விளிம்பை வெளிச்சம் படுகிற இடத்தில் எடுத்துவிட வேண்டும். நடக்கும்போது தலை ஒரு புள்ளி ஏறி இறங்க வேண்டும். படிக்கச் சுலபமாக இருக்கிறது. ஒரு ஆள் நடக்க எட்டுப் படம், அடிக்க ஆறு, விழுந்து சாக ஐந்து. மந்திரவாதி சாவதை மட்டும் நாலு தடவை அழித்து வரைந்தேன். ஐந்தாம் தடவை, நானே செத்தால் தேவலை என்று இருந்தது.

எங்களுக்கு ஒரு சலுகை இருந்தது. வலது பக்கம் பார்க்கும் ஆளை மட்டும் வரைந்தால் போதும். இடது பக்கம் திரும்பும்போது புரோகிராம் அதே படத்தைக் கண்ணாடியில் காட்டுவதுபோலப் புரட்டிப் போட்டுவிடும். வேலையும் பாதி, விளையாட்டை ஏற்றும் டிஸ்கெட்டில் இடமும் பாதி. அந்தப் புண்ணியத்தில்தான் உயிரோடு இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், கிள்ளானுக்குப் போக என்னைக் கூப்பிட மனைவி ஆபீசுக்கே வந்தாள். நான் திரையில், கோட்டை வாசலில் நின்று சோறு போடும் பெண்ணின் படங்களை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பசியோடு வரும் வீரனுக்குக் கிண்ணத்தை நீட்டுகிறவள் அவள். நான் வரைந்ததிலேயே நல்ல படம். குனிகிற முதுகும் நீட்டுகிற கையும் முதல் தடவையாக விறைப்பில்லாமல் வந்திருந்தன. மனைவி நாற்காலிக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏன் இவ பீச்சாங்கையால சோறு கொடுக்குறா?"

வீரன் இடது பக்கத்திலிருந்து வந்திருந்தான். சோறு போடுகிறவளும் அவனைப் பார்த்து இடது பக்கம் திரும்பியிருந்தாள். படம் புரண்டதில் கையும் புரண்டுவிட்டது. மாதக்கணக்கில் பார்த்த எனக்குத் தெரியவில்லை, வந்து நின்றவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் மேல் எரிச்சல்தான் வந்தது.

அன்றைக்கு முழுக்க அந்தக் கை கண்ணைவிட்டுப் போகவில்லை. திங்கட்கிழமை புரோகிராம் எழுதுகிற மலாய்ப் பெண்ணிடம் சொன்னேன். அவள் நிதானமாக, தனக்கு முதலிலிருந்தே தெரியும் என்றாள். இடது கையால் சாப்பாடு கொடுக்கிறாளே, சோற்றில் விஷம் வைக்கிற கெட்டவள்போல, அதை நான் வேண்டுமென்றே வரைந்திருக்கிறேன் என்று நினைத்தாளாம். எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே முதலாளியிடம் போனேன். முதலாளி தமிழர்தான். "வெள்ளைக்காரனுக்கு எந்தக் கைன்னு தெரியவா போகுது? விடுங்க லா" என்றார்.

விட முடியவில்லை. இடது பக்கம் பார்க்கும்போது வலது கை உடம்புக்கு அந்தப் பக்கம் போய்விடும், அதனால் அவளுக்கு மட்டும் தனியாக ஆறு படம் வேண்டும். டிஸ்கெட்டில் துளி இடம் இல்லை. அந்த மலாய்ப் பெண் பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எடுக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, பெயர்ப் பக்கம் என்றாள். அவள் பெயரும் அதில் இருந்தது. எனக்குப் பரவாயில்லை, படம் உன்னுடையது, நீயே சொல் என்றாள். விளையாட்டுப் பெட்டியோடு கொடுக்கும் சிறு புத்தகத்தில் பெயர்களைப் போடச் சொல்கிறேன் என்று முதலாளி ஒத்துக்கொண்டார்.

நான் எடுக்கச் சொன்னேன். ஏதோ தியாகம் செய்ததாக யாரும் நினைக்க வேண்டாம். களைத்துப்போயிருந்தேன். தப்பு என்று தெரிந்த ஒன்றை இனித் தினமும் பார்த்துக்கொண்டிருக்கத் தெம்பில்லை, அவ்வளவுதான். மனைவியிடம் சொல்லவில்லை. புத்தகத்தில் பெயர் வந்துவிடும், அதைக் காட்டிச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன்.

கம்பெனி வாங்கிக்கொண்டது. சில மாதம் கழித்துப் பெட்டி வந்தது. சிறு புத்தகத்தில் அவர்கள் ஆட்களுடைய பெயர்கள் வரிசையாக இருந்தன. எங்கள் நாலு பேரில் ஒருவர் பெயரும் இல்லை.

அதற்குள் மனைவி, விளையாட்டு வந்துவிட்டது, கடைசியில் பெயர் வரும் என்று கிள்ளானில் எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். அவள் அண்ணன் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். இரண்டு வாரம் மெனக்கெட்டு விளையாடி, கடைசிக் கட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கென்று வைத்திருந்தார். மாமனாரை நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். டிராகன் செத்தது. கோட்டைக்குப் பின்னால் சூரியன் எழுந்தது. திரை கறுத்தது.

மனைவி கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். டிஸ்கெட் கெட்டுப்போய்விட்டதா என்று மச்சான் கேட்டார். "பேரக் கடைசில எடுத்துட்டாங்க" என்றேன். மாமனார் எழுந்து டீ குடிக்கப் போனார். அதற்குப் பதில் அவர் திட்டியிருக்கலாம்.

திரும்பி வர பஸ் ஏறினோம். பாதி வழியில் அவள் ஜன்னலைப் பார்த்தபடி, "யாரு எடுத்தா?" என்று கேட்டாள்.

நான்தான் என்றேன். கையைப் பற்றியும், இடத்தைப் பற்றியும், எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நான் சொன்னதாலயா?"

"நீ சொன்னது சரிதானே."

"சரின்னு எனக்கும் தெரியும்" என்றாள். "அதான் உங்கள திட்டக்கூட முடியல."

முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். நான் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டே இருந்தேன். அடுத்த ஞாயிறும் கிள்ளானுக்குப் போனோம். சாப்பிட்டாச்சா என்று மாமனார் கேட்டார். சாப்பிட்டாச்சு என்றேன். திரையில் என் பெயர் வருவதைப் பற்றி அவள் அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேசவே இல்லை.