பக்கத்தில் ஒரு சாம்பல் ரேகை

ஒரு மாணவி பள்ளி நூலகத்துக்குத் திருப்பித் தந்த கதைப்புத்தகத்தைச் சக ஆசிரியை என் மேசையில் போட்டார். "பக்கமெல்லாம் சாம்பல், மிஸ். இனிமே இவளுக்கு புக் குடுக்காதீங்க."

விரித்துப் பார்த்தேன். தெளிவான கட்டைவிரல் ரேகை. அது எனக்குத் தெரிந்த ரேகை.

நான் சிறுமியாக இருந்தபோது, பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுத் தறி ஓய்வது பாவு பிணைக்கிற நாளில்தான். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூலின் முனையோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். பட்டு வழுக்காமலிருக்க அம்மாவும் பெரியம்மாவும் விரலில் சாம்பல் தொட்டுக்கொள்வார்கள். சத்தமில்லாத அந்த வீட்டில் நான் நூலகப் புத்தகத்தை உரக்கப் படிப்பேன். ஒருநாள், காட்டில் ஒரு சிறுமி வழிதவறிய இடத்தில் வேண்டுமென்றே நிறுத்தினேன். எழுத்துத் தெரியாத அம்மா பொறுக்காமல் எட்டிப் பக்கத்தைப் புரட்டினாள். "நிறுத்தாதமா, படிச்சிக்கினே இரு!"

கதை முடியவில்லை. தவணை நீட்டிக்கப் போனபோது, கறையைப் பார்த்த நூலகர் புத்தகத்தோடு என் அட்டையையும் பிடுங்கிக்கொண்டார். அடுத்த பாவு பிணைக்கும்போது அம்மா கேட்டாள்: "அந்தப் பொண்ணு வீடு வந்து சேந்துச்சா?" எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பள்ளி அலமாரியில் கறையே இல்லாத புத்தகங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றை யாரும் தொட்டதில்லை.

மாணவியைக் கூப்பிட்டேன். தலைகுனிந்து வந்தாள்.

"வீட்ல அடுத்த பாவு எப்போ பிணைக்கிறாங்க?"

"சனிக்கிழம, மிஸ்."

இருப்பதிலேயே தடிமனான புத்தகத்தை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"பக்கத்த அம்மாவையே புரட்டச் சொல்லு."