கடைசிப் பெயருக்கு மிஞ்சும் ரூட்டு

பஸ் டிரைவர் தன் ரூட்டைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் வெளியாட்கள் நம்ப மாட்டார்கள். எங்கள் உத்திரமேரூர் டிப்போவில் வருஷத்துக்கு ஒரு நாள் அது நடக்கும். எல்லா ரூட்டையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். சர்வீஸ் அதிகமான ஆளின் பெயரைக் கிளார்க் முதலில் கூப்பிடுவார். அவர் போய்த் தனக்குப் பிடித்த ரூட்டுக்கு எதிரே கையெழுத்துப் போடுவார். பிறகு இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள். கடைசிப் பெயருக்கு மிஞ்சியதுதான். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் அந்தக் கடைசிப் பெயர் என்னுடையது. அதற்கு நானே வலியப் போய்த் தலையைக் கொடுத்திருந்தேன்.

அதற்கு முன்னால் திருவண்ணாமலைப் பக்கம் ஒரு டிப்போவில் பன்னிரண்டு வருஷம் ஓட்டியவன் நான். அங்கே பட்டியலில் நாலாவது பெயர் என்னுடையது. கேட்ட ரூட்டு கிடைக்கும். ஆனால் வீடு உத்திரமேரூரிலிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி, ஏரிக்கரை ஓரத்துக் கிராமத்தில். வாரத்துக்கு ஒரு முறை வருவேன், துணி மாற்றிக்கொண்டு போவேன். என் மகளுக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. இரும்புப் பட்டை வைத்த காலிபர் ஷூ போட்டு நடப்பாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைதான். அவள் ஐந்தாவது முடித்தபோதுதான் சிக்கல் வந்தது. ஆறாவதுக்கு உத்திரமேரூர் போக வேண்டும். காலையில் பள்ளிக்கூட நேரத்துக்கு எங்கள் ஊர் வழியாக வருவது ஒரே வண்டி.

என் மனைவி நறுக்கென்று சொல்லிவிட்டாள். "அந்தப் படி எம்மாம் ஒசரம் கீது. இது ஏறதுக்குள்ள வண்டிய எடுத்துடுவான். நீ அந்த வண்டிக்கு வரதா இருந்தா அனுப்பறேன். இல்லன்னா ஆறாவது வேணாம்."

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. வண்டியை எடுத்துவிடும் அந்த ஆள் யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான்தான். டைம் என்றால் டைம் என்று பேர் வாங்கியவன். கூடையோடு ஓடிவரும் கிழவியைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கியரைப் போட்டவன். என்னைப் போல இன்னொருவன் என் மகள் காலை வைக்கும்போது வண்டியை நகர்த்தினால் என்ன ஆகும் என்று நினைத்து, நினைத்து, தூக்கம் போயிற்று.

டிப்போ மாறுவதற்கு ஒரு வழி இருந்தது. அங்கிருந்து இங்கே வர ஆசைப்படுகிற ஒருவனும், இங்கிருந்து அங்கே போக ஆசைப்படுகிற ஒருவனும் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் மாற்றிவிடுவார்கள். மியூச்சுவல் என்போம். உத்திரமேரூரில் ஒருவனுக்குத் திருவண்ணாமலைப் பக்கம் மாமியார் வீடு, கொஞ்சம் நிலமும் இருந்தது. டீக்கடையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். ஆனால் மியூச்சுவலில் வருகிறவன் புது டிப்போவில் பட்டியலின் அடிக்குப் போய்விடுவான். பன்னிரண்டு வருஷமும் போச்சு. கூட இருந்தவர்கள் எல்லாம், உனக்குப் பைத்தியமா என்றார்கள்.

எனக்கு ஒரு கணக்கு இருந்தது. எங்கள் ஊர் ரூட்டு மண் ரோடு. மழை பெய்தால் சக்கரம் புதையும். கலெக்‌ஷன் கிடையாது, அதனால் டிரைவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும் பேட்டாவும் கிடையாது. எந்த சீனியர் அதைத் தொடுவான்? எல்லாரும் கழித்துப் போட்டது கடைசியில் என் மடியில்தான் விழும். இப்படி நினைத்துக்கொண்டு, ரூட்டு பிரிக்கிற நாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் நின்றேன்.

முதல் பெயர் கூப்பிட்டார்கள். டிப்போவிலேயே மூத்தவர், பதினெட்டு வருஷம் சென்னை ரூட்டை யாருக்கும் விடாமல் வைத்திருந்தவர். எழுந்து போனார், கண்ணாடியை மூக்கில் சரிசெய்தார், தாளின் அடியில் குனிந்து கையெழுத்துப் போட்டார். கிளார்க் தவறு நடந்துவிட்டது என்று நினைத்து, "அண்ணே, அது ஏரிக்கரை வண்டி" என்றார்.

"தெரியும் ராஜா. எனக்குப் படிக்கத் தெரியும்" என்றார் பெரியவர்.

என் முகத்தில் ஈயாடவில்லை. என் முறை வந்தபோது ஒரு வண்டிதான் மிச்சம். மத்தியானம் கிளம்பி, ராத்திரி செய்யாற்றுப் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கி, மறுநாள் மத்தியானம் திரும்பும் வண்டி. சொந்த ஊருக்கு மாற்றல் வாங்கி வந்தும், பாதி நாள் காலையில் நான் வேறு ஏதோ ஊரில் பல் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

வெளியே வந்ததும் பெரியவரைப் பிடித்துக்கொண்டேன். மகள் விஷயத்தைச் சொன்னேன். மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"தம்பி, பதினெட்டு வருசமா ஓட்டல் சோறு. எங்க வூடு டிப்போக்குப் பின்னால கீது. இந்த வண்டியில வந்தா மத்தியானம் ஒரு மணி நேரம் ரெஸ்ட். பொண்டாட்டி கையால சுடுசோறு துன்னலாம்னு எடுத்துக்கினேன். ரிட்டையராவ ரெண்டு வருசம்தான் பாக்கி. அத்தயும் குடுன்றியா?"

நியாயமான பதில்தான். ஆனால் அன்றைக்கு எனக்கு நியாயம் எங்கே கண்ணுக்குத் தெரிந்தது? "உன் சோத்துக்காக என் பொண்ணு படிப்புல மண்ணைப் போடறியே" என்று ஏக வசனத்தில் கத்திவிட்டேன். எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் எதிரே வந்தால் நான் பாதை மாறிப் போனேன்.

பள்ளிக்கூடம் திறந்தது. நான் வீட்டில் இருக்கும் காலைகளில் சைக்கிளில் வைத்து அழைத்துப் போனேன். மற்ற நாட்களில் என் மனைவி பயந்துகொண்டே வண்டி ஏற்றிவிட்டாள். மகளைக் கேட்டால், "ஏறிட்டேன் நைனா" என்பாள், அவ்வளவுதான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, அவளிடம் சொல்லாமல், ஏரித் தண்ணீர் வழியும் கலங்கல் பக்கத்து நிறுத்தத்தில் புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்றேன். ஏதாவது ஆனால் பெரியவர் சட்டையைப் பிடிப்பது என்ற முடிவோடுதான் போனேன்.

வண்டி வந்தது. பெரியவர் இஞ்சினை நிறுத்திவிட்டார். காலையில், டைமுக்கு ஓடுகிற வண்டியில், யாராவது இஞ்சினை நிறுத்துவார்களா? மகள் முதல் படியில் கையை ஊன்றினாள். கண்டக்டர் தூக்க வந்தார்.

"நீ சும்மா இருய்யா. அதுவா ஏறட்டும்" என்றார் பெரியவர். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே யாரோ முணுமுணுத்தார்கள். "அவசரம்னா எறங்கி நடந்துபோ" என்றார். அவள் இரும்புக் காலை இரண்டு கையாலும் தூக்கி இரண்டாம் படியில் வைத்தாள். பிறகு மூன்றாம் படி. உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் இஞ்சின் சத்தம் கேட்டது. நான் மரத்துக்குப் பின்னாலேயே வெகுநேரம் நின்றேன்.

அன்று மத்தியானமே அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "உக்காரு, துன்னு" என்றார்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் அவரே என்னைத் தேடி வந்தார். கையில் எழுதித் தயாராக ஒரு மாற்று விண்ணப்பம். "இந்தா தம்பி. ஏரிக்கரை வண்டிய நீ எடுத்துக்க. உன்னுத எனக்குக் குடு. தினம் மத்தியானம் வூட்டுக்குப் போனா எங்க வூட்டுக்காரி சண்ட புடிக்கறா. பதினெட்டு வருசமா நான் இல்லாமயே பயக்கமாயிட்டா. பெரிய பேஜாரா கீது."

எனக்குத் தலைகால் புரியவில்லை. தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை மிதித்த மிதியில் எட்டு கிலோமீட்டர் தெரியவில்லை. வாசலிலேயே மகளிடம் சொன்னேன். "இனிமே நம்ம வண்டிய நைனா ஓட்டப்போறேன்."

அவள் சந்தோஷப்படவில்லை. காலிபரின் தோல் வாரைக் கழற்றிக்கொண்டே இருந்தாள்.

"வேணாம் நைனா."

"ஏம்மா?"

"நீ ஓட்டினா எறங்கி வந்து என்னத் தூக்கிடுவ."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பொய் சொல்ல முடியவில்லை. தூக்கித்தான் இருப்பேன்.

விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பெரியவர் வெகுநேரம் சிரித்தார். "அப்போ இன்னும் ஒண்ணரை வருசம் சண்ட போட்டுக்கினே துன்னணுமா?" என்றார். அடுத்த வருஷமும் முதல் பெயராகப் போய் ஏரிக்கரை வண்டிக்கே கையெழுத்துப் போட்டார். நான் கடைசிப் பெயராக, மிஞ்சிய அதே வண்டிக்குப் போட்டேன். இந்த முறை எனக்கு அதில் வருத்தம் இல்லை.

அந்த ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம் என் வண்டி டிப்போவுக்குள் நுழைந்தபோது, அவர் சாப்பாட்டுக்குப் போகாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் இறங்குவதற்குள் கதவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்.

"தம்பி, இன்னிக்கு நான் இஞ்சின நிறுத்தல. உன் பொண்ணு வேணாம்னு கைய காட்டிட்டு, தானா ஏறிட்டுது."

நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே அழுதுவிட்டேன். கீழே இறங்கிக்கொண்டிருந்த ஆட்கள் என்னவோ ஏதோவென்று திரும்பிப் பார்த்தார்கள்.