ஃப்ரிட்ஜ் கதவில் ஏழு பாட்டில்

அந்த வரிசை வீடுகளில் அவளைத் தையல்காரி என்று யாரும் சொல்வதில்லை; அரை டாக்டர் என்றுதான் சொல்வார்கள். கேலியாக ஆரம்பித்த பெயர். போகப்போகக் கேலி கழன்று மரியாதை வந்து ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

தொழில் என்னவோ தையல்தான். முன்னறையில் மெஷின், ஜன்னலோரம் வெட்டுமேசை, மேசைக்கடியில் ஒரு மூட்டை வெட்டுத்துணி. கையகலத் துண்டைக்கூட வீசமாட்டாள். பாக்கெட்டுக்கு ஆகும், பைக்கு உள்துணி ஆகும் என்று எடுத்து வைப்பாள். கழுத்தில் டேப் தொங்குவது சும்மா பார்வைக்கு. பிள்ளையை ஏற இறங்க ஒருமுறை பார்த்தால் போதும், பள்ளிச் சீருடை அளவு இம்மியும் பிசகாது. ‘கண்ணளவு’ என்று அவள் சொல்லிக்கொள்ளும்போது அந்த முகத்தைப் பார்க்கவேண்டுமே! இந்தக் கண்ணளவும், எதையும் வீசாத குணமும் துணியோடு நின்றிருந்தால் யாருக்கும் ஒரு கஷ்டமும் வந்திருக்காது.

நிற்கவில்லை. அவள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஏழு மருந்து பாட்டில்கள் இருந்தன. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த ஆன்டிபயாடிக் சிரப். மூன்றாம் நாளே பிள்ளை ஓடியாட ஆரம்பித்துவிடும். அம்மாக்காரி மருந்தை நிறுத்திவிட்டு மிச்சத்தை இங்கே கொண்டுவந்து கொடுத்துவிடுவாள். இவள் ஒவ்வொன்றிலும் துணிப்பட்டை ஒட்டி ‘சளி’, ‘காது’, ‘தொண்டை’ என்று எழுதி வைப்பாள். யார் பிள்ளை இருமினாலும் அரை ஸ்பூன். பெரும்பாலும் தானாகவே சரியாகிற சளிதான், ஆனால் கைராசிக்காரி என்ற பேர் இவளுக்கு வந்தது. “தக்காளி வைக்க இடமில்ல, மருந்துக்கடை மட்டும் அமோகமா நடக்குது” என்பார் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த புருஷன்.

தங்கை இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். அம்மா இல்லாத வீட்டில் அவளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பி ஆளாக்கியது இவள்தான். தங்கை பேக்கிங் கம்பெனிக்குப் போகும்போது இரண்டு வயது மகனை இங்கே விட்டுவிட்டுப் போவாள். ஒரு திங்கட்கிழமை காலை பையனுக்கு உடம்பு கொதித்தது, இருமல் வேறு.

“வேலைல சேந்து ஒரு வாரம்தான் ஆகுதுக்கா. இப்பவே லீவு கேட்டா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாங்க.”

“நான் இருக்கேன்ல. நீ கிளம்பு.”

தங்கை தலை மறைந்ததும் ‘சளி’ பாட்டிலை எடுத்தாள். சின்ன உடம்புதானே என்று காலையில் அரை ஸ்பூன், மத்தியானம் அரை ஸ்பூன். எல்லாம் கண்ணளவு. அது தண்ணீர் கலந்து இரண்டு மாதமான மருந்து. கலந்த ஏழு நாளில் கொட்டிவிடவும் என்று பாட்டிலில் அச்சடித்திருந்த வரியின் மேல்தான் அவள் துணிப்பட்டையை ஒட்டியிருந்தாள். ஜுர மருந்தும் கூடவே கொடுத்ததால் சாயங்காலம் சூடு கொஞ்சம் அடங்கியிருந்தது. “உன்னைக் கண்டா ஜுரமே பயப்படுதுக்கா” என்று சிரித்துக்கொண்டே தங்கை பிள்ளையைத் தூக்கிப் போனாள். மறுநாளும் அப்படி. அதற்கு மறுநாளும் அப்படித்தான்.

வியாழக்கிழமை காலை பையனுக்குச் சட்டை மாற்றும்போது பார்த்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே சதை உள்ளே குழிந்தது. மூக்கு விடைத்தது. பிள்ளையை வாரிக்கொண்டு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். தங்கையும் செய்தி கேட்டு யூனிஃபார்மோடு ஓடி வந்தாள்.

டாக்டரம்மா பிள்ளையின் சட்டையைத் தூக்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி முழுசாக ஒரு நிமிஷம் மூச்சை எண்ணினார். கண்ணளவு எதுவும் இல்லை.

“நிமோனியா. வீட்ல ஏதாவது ஆன்டிபயாடிக் குடுத்தீங்களா?”

பக்கத்தில் தங்கை நின்றாள், அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டு.

“இல்லங்க டாக்டர். ஜுர மருந்து மட்டும்தான்.”

சொல்லிவிட்டாள். வாயிலிருந்து வந்துவிட்டது. ஊர்ப்பிள்ளைக்கெல்லாம் மருந்து கொடுத்த தைரியசாலிக்கு ஒரு உண்மையைச் சொல்லத் தைரியமில்லை.

இரண்டு நாள் ஊசி போட்டும் ஜுரம் இறங்கவில்லை. சனிக்கிழமை, தங்கை துணி அலசப் போயிருந்த நேரத்தில், இவள் டாக்டர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“பழைய மருந்து, அதுவும் போதாத அளவு. உள்ள இருக்கற கிருமி சாகலை. ஜுர மருந்து சூட்டை மட்டும் அடக்கிக் காட்டியிருக்கு. முதல் நாளே வந்திருந்தா வாய்வழி மருந்தே போதுமா இருந்திருக்கலாம்மா. நான் கேட்டப்பவாவது சொல்லியிருந்தா, வேற மருந்துல ஆரம்பிச்சிருப்பேன்.”

மருந்தை மாற்றினார்கள். நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டியிருந்தது எக்ஸ்ரே படத்தில் தெரிந்தது. அந்தச் சின்ன விலாவில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள்.

“நான் சொல்லாததாலதான் இப்படி ஆச்சா டாக்டர்?”

“அப்படின்னு சொல்ல முடியாது. ரெண்டு நாள் வீணாப் போச்சு. அது மட்டும் நிச்சயம்.”

“தங்கச்சிக்குத் தெரிய வேண்டாம் டாக்டர்.”

“நான் போய்ச் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லிடுங்க.”

பதினேழாம் நாள் பையன் வீடு திரும்பினான். விலாவில் ஒரு தழும்பு. இவள் ஏழு பாட்டிலையும் ஆஸ்பத்திரியில் ஒப்படைத்தாள். அதற்கப்புறம் மருந்து கேட்டு வந்தவர்களை டாக்டரிடம் போகச் சொன்னாள். தலைக்கனம் வந்துவிட்டது என்றார்கள். அதைத் தாங்கிக்கொண்டாள். தங்கை பேசியதைத்தான் தாங்க முடியவில்லை. “அக்கா மட்டும் அன்னைக்குத் தூக்கிட்டு ஓடலேன்னா என் பிள்ளை எனக்கில்ல” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். இவள் ஊசியில் நூல் கோப்பதுபோல் குனிந்துகொள்வாள். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இரண்டு வருஷம் ஓடிப்போனது.

பையனுக்கு நாலு வயதில் காதில் சீழ் பிடித்தது. ஏழு நாளைக்கு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, தங்கை மகனையும் கூட்டிக்கொண்டு பாட்டிலோடு வந்தாள்.

“வலி போயிடுச்சுக்கா. பாதிக்கு மேல அப்படியே இருக்கு. உன் ஃப்ரிட்ஜுல போட்டு வையேன், யாருக்காவது ஆகும்.”

மெஷின் நின்றது.

“ஏழு நாளும் குடுத்து முடி” என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “அன்னைக்கு அவனுக்கு நான் இந்த மாதிரி மிச்ச மருந்தைத்தான் குடுத்தேன். உனக்குத் தெரியாம.”

தங்கை பாட்டிலை வெட்டுமேசை மேல் வைத்தாள்.

“எத்தனை நாளு?”

“மூணு நாளு.”

“டாக்டர் கேட்டப்ப நான் பக்கத்துலதானே நின்னேன்.”

தங்கை பாட்டிலை எடுத்துக்கொண்டு, மகன் கையைப் பிடித்து நடந்துவிட்டாள்.

திங்கட்கிழமை வரமாட்டாள் என்றுதான் இவள் நினைத்தாள். வந்தாள். பிள்ளையை விட வேறு இடம் ஏது? செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, கூலிக்கு வைத்த ஆளிடம் சொல்வதுபோல் சொன்னாள்: “மருந்து ரெண்டு வேளையும் நானே குடுத்துக்கறேன். ஏதாவதுன்னா போன் பண்ணு. நீயா எதுவும் குடுக்க வேண்டாம்.” அக்கா என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை.

பதினொரு மணிக்கு இவள் பையனுக்கு ஒரு பிஸ்கட்டை நீட்டினாள். அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“இது மருந்தா பெரியம்மா?”

“பிஸ்கட்டுடா கண்ணு.”

“நீ குடுத்தா வாங்கக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க.”

அவள் அந்த பிஸ்கட்டில் ஒரு கடி கடித்து, மென்று, அவன் பார்க்க விழுங்கினாள். பையன் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம் கையை நீட்டினான்.