ஆர்என்ஏவும் அன்னக்கூடையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூன்று மாதம் ஓர் ஆர்என்ஏவைத் திட்டித் தீர்த்தேன், தப்பு முழுக்க என்னுடையது. அதுவும் வெளியே சொன்னால் டிகிரியைத் திருப்பிக் கேட்பார்கள், அந்த மாதிரித் தப்பு.

புதுச்சேரியில் ஆராய்ச்சி மாணவன் நான், வீடு மரக்காணத்தில். நான் கட்டி அழுத ஆர்என்ஏ கொஞ்சம் விசித்திரமானது. கத்தரிக்கோலும் அதுதான், துணியும் அதுதான். தன்னைத்தானே வெட்டியெடுத்துக்கொண்டு, மிச்ச முனைகளை ஒட்டியும் வைத்துவிடும். எங்கே வெட்டுவது என்று அதற்கு எப்படித் தெரியும்? ஆர்என்ஏ என்பதே ஏ, யு, ஜி, சி என்று நாம் எழுத்துப் பெயர் வைத்திருக்கும் நான்கு வேதிப்பொருள்களின் சங்கிலி; அதில் ஆறேழு எழுத்தை இதற்கென்றே வைத்திருக்கிறது. ஏ-வுக்கு யு, ஜி-க்கு சி என்று அவை ஜோடி சேரும் இடம் கிடைத்தால் உட்காரும், வெட்டும். அந்த எழுத்துகளை மாற்றி, வேறோர் இடத்தை அடையாளம் காண வைப்பதுதான் என் ஆராய்ச்சி. ஆர்என்ஏவோ அந்த இடத்தைக் கண்டுகொள்ளவே இல்லை.

"இந்த மாசமும் வெட்டலன்னா தலைப்ப மாத்திடலாம்பா" என்றார் என் வழிகாட்டி மேடம். மாற்றினால் இரண்டு வருட உழைப்பு கடலில் கரைத்த உப்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டில் சும்மா கிடப்பானேன் என்று, தங்கை வேலை செய்யும் உப்பளத்துக்குப் போனேன். உப்பு நிரம்பிய அன்னக்கூடையை அவள் தலையில் ஏற்றிவிட ஆள் வேண்டும். நான் பந்தாவாக அவள் பக்கத்தில் போய், அவள் பார்த்த திசையையே பார்த்தபடி நின்று பிடித்தேன். கூடை சாய்ந்தது. உப்பில் பாதி என் காலில்.

"என்னாண்ணா, போட்டோவா எடுக்கறாங்க? எதிர வந்து நில்லு."

எதிரே நின்றேன். என் வலது கைக்கு நேராக அவளுடைய இடது கை. கூடை பூப்போல எழும்பியது. நான் அப்படியே நின்றுவிட்டேன். ஜோடி சேரும் எழுத்து வரிசைகளும் இப்படி எதிரும் புதிருமாகத்தான் சேரும், ஒன்றின் தலைமாட்டில் மற்றதன் கால்மாடு. நானோ இரண்டையும் ஒரே பக்கம் பார்க்க நிறுத்தி எழுதியிருந்தேன்.

"வெயில் ஏறிடுச்சா உனுக்கு?" என்றாள். பக்கத்துப் பாத்தி அக்காக்கள் சிரித்தார்கள். கால் வெடிப்பில் உப்பு எரிய எரிய நானும் சிரித்தேன்.

மறுநாளே வரிசையைத் திருப்பிப் போட்டேன். புது ஆர்என்ஏ தயாராகி, குழாயில் விட்ட முதல் தடவையே இடத்தைப் பிடித்து வெட்டியது. துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் வெட்டிய துண்டு தனிக் கோடாகத் தெரிந்ததும் ஆய்வகத்தில் ஓர் ஆட்டமே போட்டேன். படத்தோடு மேடத்திடம் ஓடி, கூடை சாய்ந்ததையும் நடித்துக் காட்டி, "அப்ப தலைப்பு, மேடம்?" என்றேன்.

"இது முதல் வருஷப் பாடம்பா, தலைப்ப நீயே வச்சுக்கோ."