டெஸ்க்டாப் மாற்றிய மறுநாள்

காலை எட்டரை மணிக்கு ஏறாவூர் நெசவாளர் சங்கத்திலிருந்து போன் வந்தது. அங்கே டைப் செய்யும் பரீதா ராத்தாதான் பேசினார்.

"தங்கச்சி, நேத்து இதுல என்ன செஞ்சு வச்சிட்டுப் போனீங்க? எனக்கு ஒண்டும் செய்ய ஏலாமக் கிடக்கு. ரெண்டு மணிக்குள்ள ஓடர் லிஸ்ட் அனுப்பணும். கொஞ்சம் வாங்க."

கொம்பியூட்டர் திருத்துவது என் தொழில். முதல் நாள் நான் நல்ல வேலைதான் செய்தேன் என்று நினைத்திருந்தேன். சங்கத்தில் இருப்பது ஒரேயொரு பழைய கொம்பியூட்டர். லினக்ஸ் இயங்குதளம், அதன் மேல் திரையில் மெனுவும் ஜன்னல்களும் காட்டும் க்னோம் என்ற டெஸ்க்டாப் மென்பொருள். ஒரு ஃபைல் திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடும்.

"மகள், மெசின் மெதுவா, பரீதா மெதுவா எண்டு எனக்கு விளங்குதில்ல. மெசினத் திருத்திப் பாருங்க. அப்பயும் சரிவரல்லெண்டா வேற ஆள் எடுக்கிறதுதான்" என்று தலைவர் ஹாஜியார் சொல்லியிருந்தார்.

ராத்தாவின் வேலை போய்விடக் கூடாது என்ற எண்ணத்தில், க்னோமுக்குப் பதிலாகப் பழைய மெசினுக்குப் பாரமில்லாத எக்ஸ்எப்சிஇ டெஸ்க்டாப்பைப் போட்டேன். திரையில் நிழலும் மினுக்கமும் காட்டும் கொம்போசிட்டரையும் நிறுத்தினேன். மெசின் பறந்தது. அன்று ராத்தா லீவு.

புளியந்தீவிலிருந்து ஸ்கூட்டியில் போய் இறங்கினேன். ராத்தா மூக்கு திரையில் முட்டுமளவுக்குக் குனிந்திருந்தார்.

"ஃபைலெல்லாம் இருக்குத்தானே ராத்தா?"

"ஃபைல் இருக்கு. எனக்குத்தான் கண் தெரியுதில்ல." வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "முந்தி மூணு பட்டனச் சேத்து அமத்தினா எழுத்துப் பெருசா வரும். அத வச்சுத்தான் இவ்வளவு நாளும் சமாளிச்சன். ஆரும் வந்தாச் சின்னதாக்கிருவன். ஹாஜியாருக்குச் சொல்லிராதீங்க."

க்னோமில் இருந்த உருப்பெருக்கி அது. அவர் வேலையைக் காப்பாற்றப் போய் அவர் கண்ணையே பிடுங்கியிருந்தேன். வெட்கமாக இருந்தது.

"லொகின் பண்ற இடத்தில பழைய க்னோமைத் தெரிவு செய்யலாம் ராத்தா. மாத்தி விடட்டா?"

"வேணாம். அது ஏறி வாறதுக்குள்ள பகல் சாப்பாடும் முடிஞ்சிரும்."

எக்ஸ்எப்சிஇயின் செட்டிங்கைக் கிளறினேன். அதிலும் பெரிதாக்கும் வசதி இருந்தது: ஆல்ட் விசையை அமத்திக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்ட வேண்டும். கொம்போசிட்டர் ஓடினால்தான் அது வேலை செய்யும். நான் நிறுத்தி வைத்ததை நானே திரும்பப் போட்டேன். ராத்தா உருட்டிப் பார்த்தார். எழுத்து வளர்ந்து திரையை நிறைத்தது.

"அல்லாஹ்! இது அதவிடச் சுகமாயிருக்கே."

லிஸ்ட் பன்னிரண்டு மணிக்கே போய்விட்டது. சற்றுப் பொறுத்து ஹாஜியார் உள்ளே வந்தார். ராத்தாவின் கை மவுஸுக்குப் போனது; பிறகு அவராகவே கையை எடுத்துக்கொண்டார்.

"என்ன பரீதா, எழுத்தெல்லாம் கடை போர்டு மாதிரிக் கிடக்கு?"

"எனக்குக் கண் மங்கிக்கிட்டு வருது ஹாஜியார். இப்பிடி வச்சாத்தான் தெரியும். லிஸ்ட் அனுப்பியாச்சு."

ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றித் திரையை உற்றுப் பார்த்தார்.

"இத நேரத்தோட சொல்லியிருக்கலாமே புள்ள" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மகள், என்ட லெப்டொப்பிலயும் இதப் போட்டுத் தாங்க. கண்ணாடி போட்டும் எனக்கு எழுத்துத் தெரியுதில்ல."

ராத்தா சிரித்த சிரிப்பில் தறிப் பக்கமிருந்த பெண்களும் எட்டிப் பார்த்தார்கள்.

இப்போதெல்லாம் டெஸ்க்டாப் மாற்றக் கூப்பிட்டால், முதலில் ஒரு கதிரையை இழுத்து, அதைப் பாவிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் வேலை செய்வதைப் பார்க்கிறேன். ஆள் லீவு என்றால், மெசினைத் தொடாமல் திரும்பி வந்துவிடுகிறேன்.