கண்ணீர் வகுப்பு

ஞானசம்பந்தம் காப்பார் என்ற சிறுநகருக்கு வந்து இறங்கியபோது அவர் பெயருக்கு முன்னால் ‘தன்முனைப்புச் சுடர்’ என்றொரு பட்டம் இருந்தது. கொடுத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. அதற்கு முன் கிள்ளானில் காப்புறுதிப் பாலிசி விற்றார், பிறகு தண்ணீர் வடிகட்டி விற்றார், அதன் பிறகு உடம்பை இளைக்க வைக்கும் மாவு விற்றார். எதுவும் போணியாகவில்லை. மேடையேறிப் பேசிப் பழகிய வாய் மட்டும் மிஞ்சியது. அதை வைத்துத் தன்முனைப்பு என்ற பெயரில் ஊக்கப் பேச்சில் இறங்கி, வேண்டாம் என்று சொல்லத் தெரியாத ஆட்களைத் தேடினார். பள்ளிப் பிள்ளைகள் அகப்பட்டார்கள்.

காப்பார் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள். பள்ளி விட்டு வீட்டுக்குப் போனால் ஆள் இருக்காது. அதனால் ஆசிரியை ஜரீனா மதியத்துக்கு மேல் பிள்ளைகளைப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் தன்னோடு உட்கார வைத்துக்கொண்டார். மிஞ்சிய அரிசிச் சேமியா பீஹூன், குடிக்கக் கொஞ்சம் மைலோ, அப்புறம் வாசிப்பு. எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படிக்க வைப்பார். வேடிக்கை பார்க்க அதில் ஒன்றும் இல்லை. படம் பிடிக்கவும் ஒன்றும் இல்லை.

ஏழைப் பள்ளிகளின் மாலை வகுப்புக்கு உதவுகிறோம் என்று ஒரு கம்பெனி முன்வந்தபோது, தலைமையாசிரியர் தம்புசாமி ஜரீனாவின் வகுப்பைக் காட்டியிருக்கலாம். அவருக்கு அது எடுப்பாகத் தெரியவில்லை. ஞானசம்பந்தத்தைக் கூட்டிவந்தார். திட்டத்துக்கு நீளமாக ஒரு பெயர் வைத்து, பேனர் அடித்தார்கள். ஜரீனா உதவியாளர் ஆனார். அதாவது, மண்டபத்தில் நாற்காலி அடுக்கினார்.

புதிய வகுப்பில் புத்தகத்துக்கு இடமில்லை. ஞானசம்பந்தம் சன்னல்களைச் சாத்துவார், விளக்கை அணைப்பார், வயலினில் ஒரு சோக இசையை ஓடவிடுவார். “உங்க அம்மாவ நெனச்சுப் பாருங்க. நாளைக்கு அவங்க இல்லன்னா?” என்பார். பத்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்? அழும். ஒன்று அழுதால் பக்கத்தில் இருப்பதும் அழும். கணக்கு வராத பிள்ளைக்கும் அதே வைத்தியம், வாசிக்க வராத பிள்ளைக்கும் அதே வைத்தியம். அழுகைதான் மாற்றத்தின் தொடக்கம் என்று தம்புசாமியிடம் சொல்வார். அவரும் பெரிய ரகசியம் ஒன்றைக் கேட்டவர்போலத் தலையாட்டுவார்.

ஜரீனா ஒருநாள் ஞானசம்பந்தத்திடம் வாசிப்புக்கு அரைமணி நேரமாவது ஒதுக்கச் சொல்லிக் கேட்டார். எழுத்தை யார் வேண்டுமானாலும் சொல்லித் தரலாம், உள்ளத்தை எழுப்புவது தன்னைப் போன்ற சிலரால்தான் முடியும் என்று பதில் வந்தது.

ஐந்தாம் ஆண்டு மாணவி விஷ்ணுப்ரியாவின் உள்ளம் நன்றாகவே எழுந்தது. காலையில் அம்மா லெட்சுமி தொழிற்சாலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். தூக்கத்தில் அலறினாள். ஏதோ பயந்திருக்கிறாள் என்று லெட்சுமி கோயிலில் கயிறு கட்டிப் பார்த்தாள். வகுப்பில் நடப்பதை மகள் வாயால் கேட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது.

ஆண்டிறுதியில் நிறைவு விழா. கம்பெனியிலிருந்து தமிழ் தெரியாத ஓர் அம்மையார் வந்திருந்தார். பிள்ளைகள் பெற்றோருக்குப் பாத பூஜை செய்வதுதான் விழாவின் உச்சம். மேடைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவள் விஷ்ணுப்ரியா. நன்றாக அழுகிற பிள்ளை என்பதுதான் தகுதி. லெட்சுமி லீவு போட்டுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மகள் தேம்பிக்கொண்டே காலைக் கழுவினாள். ஞானசம்பந்தம் மைக்கைத் தாயின் வாயருகே நீட்டினார்.

லெட்சுமி அழவில்லை. நிதானமாகவே பேசினாள்.

“சார், போன வருஷம் டீச்சர்கிட்ட உக்காந்து கொஞ்சம் கொஞ்சமா வாசிச்சா. இப்போ நான் வேலைக்குக் கெளம்புனா, செத்துப் போயிருவியாம்மான்னு கேக்குறா. இதுக்கா சார் பிள்ளைய அனுப்புனேன்?”

மகளின் முகத்தைத் துடைத்துவிட்டு, பின்னால் தொங்கிய பேனரைப் படிக்கச் சொன்னாள். ‘மாணவர் உருமாற்ற எழுச்சித் திட்டம்’. விஷ்ணுப்ரியா முதல் சொல்லைக் கூட்டிப் படித்தாள். இரண்டாவது சொல்லில் நின்றுவிட்டாள்.

வெட்கமுள்ள மனிதர் அங்கேயே மைக்கை வைத்துவிட்டு இறங்கியிருப்பார். ஞானசம்பந்தம் அதை உயர்த்திப் பிடித்தார். “பெத்த மனசு பொங்கிருச்சு பாருங்க. எல்லாரும் கைதட்டுங்க.”

தட்டினார்கள். தமிழ் தெரிந்தவர்களும் தட்டினார்கள். கம்பெனி அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடையேறி லெட்சுமியைக் கட்டிப்பிடித்தார். திட்டம் மிக நெகிழ்ச்சியாக இருந்ததென்று, அடுத்த ஆண்டு செலாயாங், கம்போங் மேடான் பள்ளிகளுக்கும் அதை விரிவுபடுத்தினார்கள்.

லெட்சுமி யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. தொழிற்சாலை பஸ்ஸில் மற்றத் தாய்மாரிடம் பேசினாள். பள்ளி திறந்ததும் பிள்ளைகள் மண்டபத்துக்குப் போகாமல் சிற்றுண்டிச்சாலையில் ஜரீனாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தம்புசாமி ஓடிவந்து, கம்பெனிக்கு என்ன பதில் சொல்வது என்று கையைப் பிசைந்தார்.

“மண்டபம் அவருக்கே இருக்கட்டும் சார். பிள்ளைங்கள வேணும்னா அவரே வந்து கூப்பிட்டுப் பாக்கட்டும்லா,” என்றார் ஜரீனா.

வந்தார். கைகளைத் தட்டி, தொண்டை கிழியக் கூப்பிட்டார். பிள்ளைகள் பீஹூனைத் தின்றுகொண்டே அவரைப் பார்த்தார்கள். ஒருவரும் எழவில்லை. அதற்குப் பிறகு அவர் காப்பார் பக்கம் வரவில்லை.

விஷ்ணுப்ரியா ஒரு பக்கத்தைத் தடங்கலில்லாமல் வாசிக்க அந்த ஆண்டின் பெரும்பகுதி ஆனது. அலறல் நிற்க அதைவிட அதிக நாள் ஆனது. இரண்டுக்கும் யாரும் விழா எடுக்கவில்லை.

ஞானசம்பந்தத்துக்கு நஷ்டமில்லை. தலைநகரின் பிரிக்ஃபீல்ட்ஸில் அலுவலகம் போட்டு, தன்முனைப்புப் பேச்சாளர்களை உருவாக்குகிறார். காப்பாரைப் பற்றிக் கேட்டால் பெருமூச்சு விடுகிறார். அந்தப் பெற்றோருக்கு முன்னேறும் எண்ணமே கிடையாதாம்.